பழைய வண்ணாரப்பேட்டைக் கணினிக் கடை: வெர்ச்சுவலைசேஷன் சிக்கலைச் சரிசெய்யப் போனவரின் மதிப்பீடு

எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைத் தாண்டி, பக்கத்துச் சந்து ஒன்றில் இந்தச் சிறிய கணினிப் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. மகளின் கல்லூரிப் பாடத்துக்காக வெர்ச்சுவல்பாக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல இயங்கும் மென்பொருள்) உபுண்டு என்ற இயங்குதளத்தை நிறுவ வேண்டியிருந்தது. ஆனால் ஏஎம்டி-வி (இதற்காக ஏஎம்டி பிராசஸர் தரும் வெர்ச்சுவலைசேஷன் வசதி) பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், முடக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு அது நின்றுவிடும். பயாஸுக்குள் சென்று அந்த வசதிக்கான எஸ்விஎம் மோடை எனேபிள் செய்தால் அன்றைக்கு ஓடும், மறுநாள் காலையில் மீண்டும் அதே செய்தி வரும். வேறொரு கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

இங்கிருந்தவர் எடுத்தவுடன் விண்டோஸைத் தொடவில்லை. டெலீட் விசையை அழுத்தி பயாஸைத் திறந்தவர், முதலில் பார்த்தது தேதியைத்தான். அது பல ஆண்டுகள் பின்னால் நின்றது. இணையத்தில் இணைந்தவுடன் விண்டோஸ் நேரத்தைத் தானே சரிசெய்துகொள்வதால் வீட்டில் யார் கண்ணிலும் இது படவில்லை. மின்சாரம் இல்லாதபோது பயாஸின் தேதியையும் அமைப்புகளையும் காக்கும், மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனதால், இரவில் சுவிட்ச்போர்டை அணைக்கும்போதெல்லாம் அமைப்புகள் அழிந்து, எஸ்விஎம் உட்பட அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. பேட்டரியை மாற்றி, எஸ்விஎம்மை இயக்கி, மின்கம்பியைப் பிடுங்கிச் சற்று நேரம் வைத்திருந்து மீண்டும் இயக்கி, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் ‘சிபியு’ பகுதியில் ‘வெர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று இருப்பதைக் காட்டிய பிறகே பணம் கேட்டார். பேட்டரியோடு சேர்த்து 250 ரூபாய்.

உண்மையில் பேட்டரி நன்றாக இருக்கும் கணினிக்கு இந்த வேலைக்காகக் கடை தேவையில்லை என்பதையும் அவரே சொன்னார். இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் கொண்டுவந்த வசதி இது. இன்டெல் கணினிகளில் இதே அமைப்பு ‘இன்டெல் வெர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்ற பெயரில் இருக்கும். பிட்லாக்கர் (வட்டிலுள்ள தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மடிக்கணினி என்றால், பயாஸைத் தொடும் முன் அந்தப் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் வெர்ச்சுவல்பாக்ஸ் வேகம் பெறலாம், ஆனால் பாதுகாப்பு குறையும் என்று விளக்கிய அவர், முடிவை மகளிடமே விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

குறை என்றால், பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. எந்த பேட்டரி, என்ன தேதி, எந்த அமைப்பு மாற்றப்பட்டது என்று எதுவும் எழுதவில்லை, கேட்ட பிறகே பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக் கொடுத்தார். உட்கார ஓர் ஸ்டூல்கூட இல்லாததால், சிபியுவைச் சுமந்து வருபவர்கள் மாலைக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது.