வேலூர் வெயிலில் ஐ5-10400: பிராசசர் சூட்டோடு சில கோடைகள்

2020 கடைசியில், பள்ளிகள் மூடிக் கிடந்த நேரத்தில், என் மாணவர்களுக்குக் கணக்குப் பாட வீடியோ தயாரிக்க வாங்கிய கம்ப்யூட்டர் இது. இன்டெல் கோர் ஐ5-10400, 16 ஜிபி ரேம், பிராசசர் பெட்டியிலேயே வந்த கூலர், ஒரு சாதாரண கேபினெட். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்றும் அதே பிராசசர்தான் ஓடுகிறது, வேலைத்திறனில் எனக்கு முழுத் திருப்தி. சூட்டை அடக்கத்தான் நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. வேலூர் மாதிரி மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏசி இல்லாத அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அறை 21, 22 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. நம் வீட்டு நிலைமை வேறு.

வாங்கிய குளிர்காலத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஏப்ரல் பிறந்ததும் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டாலே ஃபேன் அலற ஆரம்பித்தது. ஜனவரியில் சட்டென்று முடிந்த அதே அளவு வீடியோ இப்போது இழுத்துக்கொண்டே போனது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், பிராசசர் 100 டிகிரியில் நின்றது. ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரிக்கு நேராகச் சிவப்பில் ‘யெஸ்’. இந்த பிராசசருக்கு 100 டிகிரிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்லாக் கோர்களும் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனி கணக்கிடும் பகுதிகள்) சேர்ந்து 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது, 3க்கும் கீழே இறங்கியிருந்தது. எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இந்தக் காலத்து பிராசசர்கள் அவ்வளவு சுலபத்தில் எரியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயில் காலம் முழுக்கக் கைக்கு வராது.

கடையில் கேட்டபோது, “அக்கா, லிக்விட் கூலர் போட்டுடுங்க, பிரச்சினையே இருக்காது” என்றார் அங்கிருந்த தம்பி. எதையும் வாங்குமுன் எங்கே கோளாறு என்று அளந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அளவுதான் இத்தனை கோடைகளாக எனக்கு வழிகாட்டி.

பிராசசர் 80 டிகிரி என்று மட்டும் சொன்னால் அதில் எந்தத் தகவலும் இல்லை. டிசம்பர் இரவில் என் அறை 24 டிகிரி, மே மதியத்தில் 37, 38. கூலர் என்பது சூட்டை அறைக் காற்றுக்குத் தள்ளும் சாதனம், அவ்வளவுதான். அறையைவிடக் குளிர்ச்சியாக பிராசசரை அதனால் வைக்க முடியாது. அறை 14 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய அதே 14 டிகிரி ஏறும். அதனால் முதலில் பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழிக்க வேண்டும். பிறகு அந்த நேரத்தில் பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்து, கழித்து வந்ததை அந்த வாட்டால் வகுக்க வேண்டும். வாட் கணக்கும் எச்டபிள்யூஇன்ஃபோவிலேயே ‘சிபியு பேக்கேஜ் பவர்’ என்ற வரியில் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற இந்த எண் கோடையிலும் மழைக்காலத்திலும் பெரிதாக மாறாது. அது மாறினால் கூலர் பக்கத்தில் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அறைச் சூட்டை அளக்க ஒரு மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஆனால் அதைச் சுவரில் மாட்டக் கூடாது, கேபினெட்டுக்குள் காற்று நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அந்த முதல் மே மாதத்தில் என் கணக்கு: பிராசசர் 100, அறை 37, வித்தியாசம் 63. அப்போது இழுத்தது 55 வாட். வாட்டுக்கு 1.1 டிகிரிக்கும் மேல். 65 வாட் பிராசசரோடு வந்த கூலருக்கு இது மிக மோசமான எண்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று, சூடு ஏறும் விதம். வேலை கொடுத்த ஓரிரு நொடியிலேயே 90ஐத் தாண்டிப் பாய்ந்தால், பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வாங்கிக்கொள்ளும் கூலரின் உலோகத் தகடுகள்) இடையில் ஒட்டுதல் சரியில்லை. நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால், தூசியோ காற்றோட்டமோ காரணம். இரண்டாவது, பிராசசர் 100இல் இருக்கும்போது ஹீட் சிங்கின் ஓரத்தை, ஃபேனில் விரல் படாமல், தொட்டுப் பார்ப்பது. கை வைக்க முடியாத சூடு என்றால் சூடு அதுவரை வந்துவிட்டது, வெளியே போக வழியில்லை. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சூடு அங்கே வந்து சேரவே இல்லை. என்னுடையது நொடியில் பாய்ந்தது, ஹீட் சிங்க் வெதுவெதுப்புதான்.

கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. இந்த வகைக் கூலர் நான்கு பிளாஸ்டிக் பின்களால் மதர்போர்டில் நிற்கிறது. அசெம்பிள் செய்தபோது அதில் ஒன்று முழுதாக இறங்காமல் பாதியில் நின்றிருக்கிறது. ஒரு மூலை தூக்கி நின்றதால், பிராசசரிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்த நடுவில் தடவும் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டுமே பரவியிருந்தது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு எம்எக்ஸ்-4 பேஸ்ட் வைத்து மறுபடி பொருத்தினேன். மதர்போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துச் செய்வதுதான் நல்லது, கேபினெட்டுக்குள்ளேயே அழுத்தினால் போர்டு வளையும். ஒரு மூலையை அழுத்தியதும் அதற்கு எதிர் மூலையை அழுத்த வேண்டும். நான்கும் இறங்கியதும் போர்டைத் திருப்பி, பின்களின் முனைகள் பின்பக்கம் ஒரே அளவு வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு எக்ஸ்போர்ட் போட்டால் 96 டிகிரி. நான்கு டிகிரிதானே குறைந்தது என்று தோன்றும். “பேஸ்ட் மாத்தியும் சூடு குறையலையே” என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வாட்டைப் பாருங்கள்: முன்பு மூச்சுத் திணறி 55 வாட்டில் ஓடிய பிராசசர் இப்போது 85 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. வித்தியாசம் 59ஐ 85ஆல் வகுத்தால் 0.7. பெரிய முன்னேற்றம். எக்ஸ்போர்ட் நேரத்திலும் அது உடனே தெரிந்தது.

65 வாட் பிராசசர் ஏன் 85 இழுக்கிறது? இன்டெல் இதற்கு வைத்திருக்கும் கணக்கு: நீண்ட வேலைக்கு 65 வாட், 28 நொடி வரையான குறுகிய பாய்ச்சலுக்கு 134 வாட். பல மதர்போர்டுகள் இந்த வரம்பை பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) அவிழ்த்துவிட்டே வருகின்றன, என்னுடையதும் அப்படித்தான். பயாஸில் 65, 134, 28 என்று நானே போட்டுவிட்டேன். எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவானது, ஆனால் ஃபேன் சத்தம் அடங்கியது. பயாஸ் பக்கம் போகத் தயங்குபவர்களுக்கு விண்டோஸ் பவர் பிளானில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 99 சதவீதம் ஆக்கும் வழி இருக்கிறது. டர்போ என்ற கூடுதல் வேகம் நின்று 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மே மாதத்தில் மட்டும் சமாளிக்க அது நல்ல வழி.

அடுத்தது கம்ப்யூட்டர் டேபிள். கேபினெட்டை வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஒரு பொந்து, முன்னால் கதவு வேறு. பின்னால் வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதி முன்பக்கமாகத் திரும்பி உள்ளேயே நுழைகிறது. கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தேன். எண் 0.6க்கு இறங்கியது. 65 வாட் வரம்போடு சேர்த்து, 37 டிகிரி அறையில் 76. செலவே இல்லாமல் கிடைத்த பலன் இது. நம் வீடுகளில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அந்தப் பொந்துக்குள் வெந்துகொண்டிருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இரவில் கொசுவர்த்தி, சமையலறைத் தாளிப்புப் புகை எல்லாம் சேர்ந்து தூசியைப் பிசுபிசுப்பாக்குகின்றன. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் மேலாகப் போகுமே தவிர, ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கம்பளித் துணி போலப் படிந்தது அசையாது. ஃபேனைத் தனியாகக் கழற்றி, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளுக்கு இடையில் துடைத்த பிறகு ப்ளோயர் அடிப்பதே சரி. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

வருடா வருடம் பேஸ்ட் மாற்ற வேண்டும் என்று சொல்லப்படுவதை என் அனுபவம் ஆதரிக்கவில்லை. 2023 கோடையில் எண் 0.68க்கு ஏறியிருந்தது. பேஸ்ட்டைத் தொடாமல் தூசியை மட்டும் சுத்தம் செய்தேன், 0.61க்குத் திரும்பிவிட்டது. நல்ல பேஸ்ட்டாக இருந்தால் அதை அடிக்கடி கிளறாமல் விடுவதே மேல்.

ஒரு கோடையில் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்தது. வீட்டில் எல்லோரும் பிராசசர் சூட்டைத்தான் சொன்னார்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் அளவுகளைக் கோப்பாகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அணைவதற்கு முந்தைய கடைசி வரியில் 78 டிகிரிதான் இருந்தது. சூட்டால் அணைவதென்றால் அதற்கு முன் வேகம் குறைந்திருக்க வேண்டும், அப்படி எதுவும் இல்லை. மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது யுபிஎஸ்ஸின் பழைய பேட்டரி தாங்கவில்லை. பேட்டரி மாற்றியதும் நின்றது.

அந்த வருடக் கடைசியில்தான் கூலர் வாங்கினேன், டீப்கூல் ஏகே400. சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன், 155 மில்லிமீட்டர் உயரம். கேபினெட் அகலத்துக்கு அடங்குமா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டிய பொருள். என் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் கூலர் மாட்டும் துளை இடைவெளி பழைய 1150, 1151 போர்டுகளுக்கும் ஒன்றுதான், 1700 சாக்கெட்டுக்கு மட்டும் வேறு பிராக்கெட். வாட் வரம்பை மறுபடி அவிழ்த்துவிட்டேன். இப்போது 37 டிகிரி அறையில் 85 வாட்டில் 70 டிகிரி, வாட்டுக்கு 0.39. கத்திரி வெயிலிலும் முழு வேகம், ஃபேன் சத்தம் மைக்கில் பதிவாவதில்லை. பாடம் பதிவு செய்யும் எனக்கு இந்த அமைதிதான் பெரிய லாபம்.

ஆனால் பிளாஸ்டிக் பின்னையும் டேபிள் பொந்தையும் சரிசெய்யாமல் முதல் கோடையிலேயே இதை வாங்கியிருந்தால், அடைத்த இடத்தின் சூட்டுக் காற்றையே இந்தக் கூலரும் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கும். உங்கள் எண் 0.7ஐ ஒட்டி இருந்து, வேலையும் எழுத்து, இணையம், ஆன்லைன் வகுப்பு அளவில்தான் என்றால் கூலருக்குச் செலவு செய்ய வேண்டாம், 65 வாட் வரம்பே போதும். 1ஐத் தாண்டினால் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் கூலரைக் கழற்றிப் பின்களைப் பார்க்க வேண்டியதுதான்.