மண்டபம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்: சாருக்கு அஞ்சு ஸ்டார், புக்குக்கு ஒண்ணு

மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் போட்டு, அதான் படகு, கரையிலதான கெடக்குதுன்டு ஏப்ரல் 15 முடிஞ்ச கையோட போய் சேந்தேன். ஃபீஸ் 1500, சாயங்காலம் ஒரு மணி நேரம். நான் போட்டு இன்ஜின் மெக்கானிக்கு. துபாய் வேலைக்கு போன்ல இன்டர்வியூ வச்சப்ப அந்த ஆளு ஸ்பேர்ஸ் ரன் அவுட்டுன்னு என்னமோ சொல்ல, எனக்கு கிரிக்கெட்டுதான் ஞாபகம் வந்துச்சு, யாரு சார் அவுட்டுன்னு கேக்காத கொறதான். சாமான் தீந்து போச்சுங்குறாராம்!

சார் மொத நாளே போர்டுல ரன்னுன்னு எழுதல, தமிழ்ல 'ஓடு'ன்னு எழுதுனாக. இன்ஜின் ஓடுது, கடை ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, இதுக்கெல்லாம் கால் இருக்கான்னு கேட்டாக. இது எல்லாத்துக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் ரன்னுதானாம். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகுது, அவனுக்கு ஓடுது. இது வரைக்கும் ஈஸி, பின்னாடி ஒரு வால் ஒட்டுனாத்தான் தலைவலி. ரன் இன்டுன்னா வழியில தற்செயலா ஒருத்தரப் பாக்குறது, மோதுனாலும் அதேதான். ரன் ஓவர்னா வண்டிய மேல ஏத்துறது, மீட்டிங்கு நேரம் தாண்டிப் போனாலும் அதே வார்த்தை. ரன் அக்ரவுண்டுன்னா படகு தரை தட்டுறதுன்னு சொன்னதும் பின் பெஞ்சு அண்ணன் ஒருத்தரு, அட இது பாம்பன்ல நாம பாக்காததான்டாரு, கிளாஸே சிரிச்சுருச்சு. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்காரங்க ரன்னுக்கு மட்டும் 645 அர்த்தம் எண்ணியிருக்காங்களாம், 1989 பதிப்புல செட்டுங்குற வார்த்தைதான் 430ஓட முன்னாடி நின்னுச்சாம். அதக் கேட்டு ரெண்டு பேரு மறுநாளு வரல.

எனக்கு ரொம்ப உதவுனது இன்னொண்ணு. இன்ஜின நிப்பாட்டுன்னு சொல்ல டர்ன் ஆஃப் தி இன்ஜின் சரி, டர்ன் தி இன்ஜின் ஆஃபும் சரி, ஆனா 'இட்' போட்டா நடுவுலதான் வரணும், டர்ன் இட் ஆஃப். கடைசியில வச்சா தப்பு. லுக் ஆஃப்டர், அதான் கவனிச்சுக்குறது, அது மாதிரி சிலதுல நடுவுல எதையும் நொழைக்கவே கூடாது, லுக் ஆஃப்டர் இட்டுதான். பத்து வருசம் பள்ளிக்கூடம் போயும் இத யாரும் எனக்குச் சொல்லல.

இப்ப வயித்தெரிச்சல். புக்குன்னு தனியா 120 ரூவா வாங்குறாக, வெறும் ஜெராக்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு அர்த்தம். டேக் ஆஃபுக்கு விமானம் கெளம்புறது மட்டும் இருக்கு, நான் தெனமும் கவரக் கழட்டுறேன், அது இல்ல. ரன் அவுட்டுக்கு என்ன போட்டிருக்குன்னு நெனைக்கிறீக? 'வெளியே ஓடுதல்'! அதுவும் ஒரு அர்த்தம்தான், இல்லைங்கல, ஆனா நான் எதுக்காகச் சேந்தேனோ அது இல்ல பாருங்க. சார்ட்ட காட்டுனேன், புக்கு நான் போட்டதில்ல தம்பின்டாக. இன்னொரு கொற, ரூம்ல இருபது பேருக்கு மேல, நம்ம முறை வந்து வாயத் தொறக்குறதுக்குள்ள கரண்டு போயிரும், ஃபேன் இல்லாம உக்கார முடியாது.

சேர்றவுக சாருக்காகச் சேருங்க. புக்கு வேணாம், அந்தக் காசுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிட்டுப் போங்க, அவுக வாயால சொல்றத எழுதுறதுக்கே பக்கம் பத்தாது.