மூன்று நோடு போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்: ஷெல் ஸ்கிரிப்டா, ஆன்சிபிளும் பாட்ரோனியுமா, குபெர்னெட்டிஸ் ஆப்பரேட்டரா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் 2010ஆம் ஆண்டு 9.0 பதிப்புடன் வந்தது. ஒரு சர்வரில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் மற்ற சர்வர்களுக்குத் தொடர்ந்து பாய்வதற்கான வழி அதில் கிடைத்துவிட்டது. ஆனால் எழுதும் சர்வர் திடீரென விழுந்தால் அதன் இடத்துக்கு எது வர வேண்டும் என்பதை போஸ்ட்கிரெஸ் இன்றுவரை தானாக முடிவு செய்வதில்லை. அந்தப் பொறுப்பு வெளிக்கருவிகளிடம் விடப்பட்டிருக்கிறது. ஆகவே இப்படிப் பல சர்வர்கள் (நோடுகள்) சேர்ந்த ஒரு கிளஸ்டரை ஸ்கிரிப்ட் மூலம் நிறுவி நடத்துவது என்று பேசும்போது, உண்மையில் இரண்டு வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம். மென்பொருளை நிறுவுவது, கான்ஃபிக் கோப்புகளை எழுதுவது, நகல்களை உருவாக்குவது ஆகியவை ஒரு வேலை. நள்ளிரவில் ஒரு நோடு பதில் சொல்லாமல் போகும்போது இனி யார் முதன்மை என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. இவ்விரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் கலப்பது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் செய்யப்படுகிறது.

ஒப்பிடப்படும் வழிகள் மூன்று. கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகளும், நகல்களைக் கண்காணித்துத் தலைமையை மாற்றும் ரெப்எம்ஜிஆர் கருவியும் சேர்ந்த பழைய வழி. பல சர்வர்களில் நிறுவல் வேலையைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் நிறுவ, பாட்ரோனி என்ற கருவி தலைமையை, அதாவது யார் முதன்மை என்பதை, நிர்வகிக்கும் வழி. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மேல் இயங்கி, கிளஸ்டரைத் தானாக நடத்தும் கிளவுட்நேட்டிவ்பிஜி ஆப்பரேட்டர்.

ஷெல் ஸ்கிரிப்டும் ரெப்எம்ஜிஆரும்

தொடங்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. தொலைவிலுள்ள சர்வரில் கட்டளை இயக்க எஸ்எஸ்எச் சாவியும், பாஷ் ஷெல்லும் இருந்தால் போதும். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒற்றைச் சர்வரில் ஒழுங்காக ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட், பல நோடுகளுக்கு விரிந்தவுடன் வேறு விதமாக நடந்துகொள்கிறது. நோடுகளின் பெயர்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, அவற்றை வைல் ரீட் சுழற்சியால் படித்து, ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் வழியே கட்டளையை இயக்குவது பலரும் முதலில் எழுதும் வடிவம். சுழற்சி படிக்க வேண்டிய மீதி வரிகளை அந்த எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக எண்ணி விழுங்கிவிடும். முதல் நோடு மட்டும் மாறியிருக்க, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஸ்கிரிப்ட் வெற்றியுடன் முடிந்ததாகக் காட்டும். எஸ்எஸ்எச் கட்டளையில் -என் என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால் இது சரியாகிவிடும் என்றாலும், இப்படிப்பட்ட ஒவ்வொரு ஓட்டையையும் எழுதுபவரே கண்டுபிடித்து அடைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வழியின் உண்மையான விலை. இரண்டாவது நோடில் பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அவரே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

தலைமை மாற்றத்தை ரெப்எம்ஜிஆர் கவனிக்கிறது. அதன் பின்னணிச் செயலி இயல்பிருப்பாக 10 விநாடி இடைவெளியில் 6 முறை முதன்மை நோடை அணுகிப் பார்த்து, பதில் இல்லையென்றால் நகல்களில் ஒன்றை உயர்த்துகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். இது வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் பழைய முதன்மை நோடிடம் இருக்கிறது. அது உண்மையில் சாகாமல், பிற நோடுகளிடமிருந்து மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இயல்பிருப்பில் இல்லை. நகல்கள் துண்டிக்கப்பட்டதைக் கண்டால் இயக்க வேண்டிய கட்டளையை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால், ஒரே கடையின் பேரேட்டை இரண்டு கணக்கர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதுவது போன்ற நிலை உருவாகிறது. பிறகு இரண்டையும் ஒன்றாக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஒரு பக்கத்தின் பதிவுகளைக் கைவிட வேண்டும், அல்லது மனிதர் உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட வேண்டும்.

கையால் நகல் எடுக்கும் பழக்கம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது போதுமான சான்று. பின்தங்கிப் போன நகலை மறுபடி உருவாக்க முயன்றபோது, முழு நகல் எடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் கட்டளை, முதன்மை நோடு நகலெடுப்பைத் தொடங்குவதற்காக எதுவும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. தரவு அடைவு வெறுமையாக இல்லாததுதான் காரணம் என்று கருதிய பொறியாளர் அதை அழித்தார். அழித்தது நகலில் அல்ல, முதன்மை நோடில். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியிருந்தபோது அது நிறுத்தப்பட்டது. பேக்கப் எடுக்க வேண்டிய பிஜி டம்ப் பதிப்பு 9.2, தரவுத்தளமோ 9.6, எனவே பேக்கப்புகள் எடுக்கப்படவே இல்லை, தோல்வி அறிவிப்பு மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் மீட்டது. அந்நிறுவனம் இவை அனைத்தையும் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அதனால்தான் இன்று நாம் அதிலிருந்து கற்க முடிகிறது. பொறியாளரின் கவனக்குறைவாக மட்டும் இதைப் பார்க்க என்னால் இயலவில்லை. எந்த நோடில் இருக்கிறோம் என்பதைக் கருவியே கேட்டுத் தடுத்திருக்க வேண்டும். பாட்ரோனியில் ஒரு நோடை மறுபடி உருவாக்கச் சொல்லும் கட்டளையை முதன்மை நோடின் மேல் ஏவினால், அது செய்ய மறுத்துவிடும்.

ஆன்சிபிளும் பாட்ரோனியும்

ஜலாண்டோ நிறுவனத்தில் வளர்ந்த பாட்ரோனி, யார் முதன்மை என்ற கேள்வியைப் போஸ்ட்கிரெஸ் நோடுகளிடமிருந்து எடுத்து, எட்சிடி போன்ற ஒருமித்த முடிவெடுக்கும் தனிச் சேமிப்பிடம் ஒப்படைக்கிறது. அங்கே தலைமைச் சாவி ஒன்று இருக்கிறது. அதற்கு இயல்பிருப்பாக 30 விநாடி ஆயுள். முதன்மை நோடு 10 விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க இயலாவிட்டால், தான் நலமாக இருப்பதாக அது எண்ணினாலும், எழுதுவதை நிறுத்திக்கொண்டு கீழிறங்க வேண்டும். ரெப்எம்ஜிஆருக்கும் இதற்கும் உள்ள ஆழமான வேறுபாடு இதுதான்: அங்கே மற்றவர்கள் முதன்மை நோடு செத்துவிட்டதாக ஊகிக்கிறார்கள், இங்கே முதன்மை நோடு தன் உரிமையைத் தொடர்ந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எட்சிடியில் பெரும்பான்மை தேவை. மூன்று நோடுகளில் ஒன்று விழலாம், ஐந்தில் இரண்டு விழலாம். இரண்டு சர்வர்கள் மட்டும் வாங்கிவிட்டுத் தானியங்கி ஃபெயில்ஓவர் (தலைமை மாற்றம்) கேட்பவர்கள், எட்சிடி மட்டும் ஓடும் மூன்றாவது சிறிய மெய்நிகர் இயந்திரத்தையாவது சேர்த்தே ஆக வேண்டும். எட்சிடி ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதிசெய்த பிறகே ஏற்பதால், தரவுத்தளம் கடுமையாக எழுதிக்கொண்டிருக்கும் அதே வட்டில் அதை வைத்தால் அதன் இதயத்துடிப்புகள் தாமதமாகி, காரணமே இல்லாமல் முதன்மை நோடு கீழிறங்குவதைக் காணலாம். தனி வட்டு என்பது இங்கே ஆடம்பரம் அல்ல. எட்சிடி முழுவதுமே எட்டாமல் போனாலும் எல்லா நோடுகளும் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் முதன்மை நோடு தொடரலாம் என்ற பாதுகாப்பு நிலை 2023இல் 3.0 பதிப்பில் வந்தது. அதை நாமே இயக்கி வைக்க வேண்டும்.

ஆன்சிபிள் இந்த அமைப்பில் நிறுவும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். ஏஜென்ட் எதுவும் நிறுவாமல் எஸ்எஸ்எச் வழியே இயங்குகிறது, ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடுவதில்லை, பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாம். ஷெல்லில் நாம் கையால் கட்ட வேண்டிய பலவும் இங்கே இயல்பாகவே கிடைக்கின்றன. ஆயினும் இரண்டும் சேரும் இடத்தில், புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப இடறும் ஒரு படி உண்டு. பாட்ரோனியின் கான்ஃபிக் கோப்பில் பூட்ஸ்டிராப் என்ற பகுதி இருக்கிறது; அதிகபட்ச இணைப்புகளின் எண்ணிக்கை போன்ற கிளஸ்டர் முழுவதற்குமான மதிப்புகள் அதில் எழுதப்படுகின்றன. கிளஸ்டர் முதன்முறை உருவாகும்போது அவை எட்சிடிக்குள் போய்விடுகின்றன. அதன் பிறகு அந்தப் பகுதியைப் பாட்ரோனி படிப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒருவர் பிளேபுக்கின் (ஆன்சிபிள் பணிப்பட்டியலின்) மாறியில் 200 என்பதை 400 ஆக்கி ஓட்டுகிறார். கோப்பு மாறியதாக ஆன்சிபிள் மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது, சேவையும் மறுதொடக்கம் ஆகிறது, தரவுத்தளத்தில் மட்டும் 200 அப்படியே இருக்கிறது. மாற்றத்தைப் பாட்ரோனிசிடிஎல் கருவியின் கான்ஃபிக் திருத்தும் கட்டளை வழியாகவோ, பாட்ரோனியின் ரெஸ்ட் ஏபிஐ வழியாகவோ அனுப்பும் பணியைப் பிளேபுக்கில் தனியாக எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸின் கான்ஃபிக் கோப்பைப் பாட்ரோனியே எழுதுவதால், ஆன்சிபிள் அதைத் தொடாமல் இருப்பதும் அவசியம்.

இன்னொன்று இன்வென்டரி, அதாவது ஆன்சிபிளுக்குத் தரும் நோடுகளின் பட்டியல். முதன்மை, நகல் என்று இரண்டு குழுக்களாக நோடுகளைப் பிரித்து எழுதுவது படிக்க அழகாக இருக்கும். முதல் ஃபெயில்ஓவர் நடந்த அன்றே அது பொய்யாகிவிடும். யார் முதன்மை என்பதை ஒவ்வொரு முறையும் பாட்ரோனியின் 8008 போர்ட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணியோடுதான் பிளேபுக் தொடங்க வேண்டும். நோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் சீரியல் அமைப்பு இல்லாத பிளேபுக், சேவையை மறுதொடக்கம் செய்யும் ஹேண்ட்லரை எல்லா நோடுகளிலும் ஒரே நேரத்தில் இயக்கி, உயர்கிடைப்புக்காகவே கட்டப்பட்ட கிளஸ்டரை முழுவதுமாகக் கீழே தள்ளிவிடும். இவற்றையெல்லாம் முதலிலிருந்து எழுத விரும்பாதவர்களுக்கு ஆட்டோபேஸ் என்ற திறந்த மூலத் திட்டம் ஆயத்தப் பிளேபுக்குகளைத் தருகிறது. அதையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே பயன்படுத்தச் சொல்வேன்.

கிளவுட்நேட்டிவ்பிஜி ஆப்பரேட்டர்

இடிபி நிறுவனம் 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட இது, மூன்றிலும் எழுதுவதற்கு மிகக் குறைவானது. எத்தனை நகல், எவ்வளவு சேமிப்பிடம் என்று சில வரிகள் யாமல் கோப்பில் எழுதினால், கிளஸ்டர் எழுந்து நிற்கிறது. எழுதுவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என்று சேவை முகவரிகளும் தாமாக உருவாகின்றன. இணைப்புகளை முதன்மை நோடுக்குத் திருப்பிவிடும் ஹெச்ஏபிராக்ஸி வேண்டாம், தனி எட்சிடி வேண்டாம். ஜலாண்டோவின் ஆப்பரேட்டர் உள்ளே பாட்ரோனியையே வைத்திருக்கிறது. இது அப்படியல்ல, குபெர்னெட்டிஸ் ஏபிஐயை நேரடியாக நம்புகிறது.

நிறுவும் வேலையும் தலைமை முடிவும் இங்கே மறுபடி ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன என்றாலும், ஷெல் ஸ்கிரிப்டைப் போல் அல்லாமல் ஆப்பரேட்டர் எப்போதும் விழித்திருந்து நிலையைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆப்பரேட்டர் தானே விழுந்திருக்கும் நேரத்தில் தரவுத்தளம் தொடர்ந்து ஓடும், ஆனால் ஃபெயில்ஓவர் நடக்காது. பாட்ரோனியில் அப்படி ஒரு மைய அதிகாரி இல்லை. இதைவிடப் பெரிய கேள்வி, குபெர்னெட்டிஸை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. ஏற்கெனவே அதை நன்றாக நடத்தும் குழுவுக்கு இது இயல்பான தேர்வு. தரவுத்தளத்துக்காக மட்டும் குபெர்னெட்டிஸைக் கொண்டுவருவது தவறு என்றே கருதுகிறேன். சேமிப்பிட வால்யூம் ஒரு நோடிலிருந்து விடுபட மறுத்துத் தொங்கும்போது, போஸ்ட்கிரெஸ் அறிந்தவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

இரண்டு தரவு மையங்கள் இருந்தால்

தானியங்கி ஃபெயில்ஓவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையம் 43 விநாடிகள் மட்டும் துண்டிக்கப்பட்டது. அவர்களுடையது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், தலைமையை மாற்றும் கருவி ஆர்கெஸ்ட்ரேட்டர். அது தனக்கு அமைக்கப்பட்ட விதிப்படியே மேற்குக் கரைக்குத் தலைமையை மாற்றியது. கிழக்கில் சில விநாடிகளின் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேராமல் நின்றன. மேற்கிலோ சுமார் 40 நிமிடப் பதிவுகள் குவிந்துவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. பாட்ரோனியின் இயல்பிருப்பான 30 விநாடி ஆயுள் அந்த 43 விநாடியைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நகரங்களுக்கு இடையே நீளும் கிளஸ்டரில் அதே மதிப்பை வைத்திருப்பவர், அதே நிகழ்வுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு மையத்துக்குள் தானியங்கியாகவும், மையங்களுக்கு இடையே மனிதர் முடிவெடுத்தும் மாற்றுவதே என் பரிந்துரை.

தரவு இழப்பின் அளவையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மூன்று வழிகளிலும் நகலெடுப்பு இயல்பிருப்பாக ஒத்திசைவற்றது, அதாவது நகலுக்குப் போய்ச் சேரும்வரை முதன்மை நோடு காத்திருப்பதில்லை. பாட்ரோனியில் 1 எம்பிக்கு மேல் பின்தங்கியதாகத் தெரிந்த நகல் உயர்த்தப்படாது. ஆனால் சாவியின் ஆயுளுக்குள் எழுதப்பட்டவையும் சேர்ந்து இழக்கப்படலாம். பணப் பரிவர்த்தனை என்றால் ஒத்திசைவு நிலையை இயக்கி, ஒவ்வொரு எழுத்தும் சற்றுத் தாமதமாவதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் தேர்வு

மூன்று லினக்ஸ் சர்வர்களும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓரிருவரும் உள்ள இடத்துக்கு ஆன்சிபிளும் பாட்ரோனியும் என்றே சொல்வேன். தலைமை மாற்றத்தை மனிதரே செய்வார், சில நிமிடம் சேவை நின்றால் பரவாயில்லை என்ற இடத்தில் ரெப்எம்ஜிஆர் போதும். அங்கே தானியங்கி ஃபெயில்ஓவரை அணைத்தே வைக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்பதோடு சோதனையை முடித்துவிடக் கூடாது, ஏனெனில் முழுச் சாவு எல்லாக் கருவிகளுக்கும் எளிது. முதன்மை நோடில் பாட்ரோனி செயலிக்கு மட்டும் ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைத்துப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். சாவியைப் புதுப்பிக்க ஆளில்லை. 30 விநாடிகளுக்குப் பின் இன்னொரு நோடு உயர்த்தப்படும். ஹெச்ஏபிராக்ஸி 8008 போர்ட்டில் பதில் வராததைக் கண்டு புதிய இணைப்புகளைத் திருப்பிவிடும், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய நோடிலேயே எழுதிக்கொண்டிருக்கும். சர்வர் பட்டியலில் நோடு விழுந்ததாகக் குறிக்கப்பட்டவுடன் அந்த இணைப்புகளையும் வெட்டும் விருப்பத்தை ஹெச்ஏபிராக்ஸியில் சேர்த்து, உறைந்த சர்வரை மறுதொடக்கம் செய்யும் லினக்ஸ் வாட்ச்டாக் கருவியைப் பாட்ரோனியுடன் இணைத்து, உறைந்த நோடு சாவியின் ஆயுள் முடிவதற்குள் தானே மறுதொடக்கம் ஆகிறதா என்று பார்த்த பிறகு அந்தக் கிளஸ்டரைப் பயன்பாட்டுக்குத் திறக்கலாம்.