மாலத்தீவு: ரிசார்ட் டாலரும் கெஸ்ட்ஹவுஸ் டாலரும்

மாலத்தீவுக்குக் கிளம்புகிறவர்கள் ரிசார்ட்டா, கெஸ்ட்ஹவுஸா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பயணியின் பர்ஸைப் பார்த்துப் பதில் சொல்ல ஆயிரம் யூடியூப் வீடியோக்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து வாழ்கிறவர்களுக்கு எது லாபம் என்ற கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை.

1972-ல் தலைநகர் மாலேவுக்கு அருகில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. அதன் பிறகு நெடுங்காலம் ஒரே கொள்கைதான். ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும், எடுத்தவர் அங்கே ஒரே ஒரு ரிசார்ட் கட்டுவார், பயணி விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே போய்விடுவார். மக்கள் வாழும் தீவில் அவர் கால் படாமலே விடுமுறை முடிந்துவிடும். 2008 தேர்தலில் வென்று வந்த முகமது நஷீத் அரசுதான் ஊர்த் தீவுகளிலும் கெஸ்ட்ஹவுஸ் நடத்தலாம் என்று வழிவிட்டது. அதனால் இப்போது இரண்டு சுற்றுலாக்கள் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் நடக்கின்றன.

அரசு கஜானாவுக்கு எது நல்லது என்று கேட்டால் தயக்கமே வேண்டாம், ரிசார்ட்தான். 2025 ஜூலை முதல் சுற்றுலா சேவை வரி 17 சதவீதம். பில் பெரிதாக இருக்கும் இடத்தில் வரியும் பெரிதாக வரும். பசுமை வரியிலும் வித்தியாசம் உண்டு: ரிசார்ட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஊர்த் தீவின் சிறிய கெஸ்ட்ஹவுஸில் 6 டாலர். தீவுக் குத்தகை தனி. ஆசந்தா என்ற பெயரில் அந்நாட்டுக் குடிமக்கள் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கிடைக்கிறதென்றால், அதற்குப் பின்னால் இந்தப் பணம் இருக்கிறது. கெஸ்ட்ஹவுஸ் ஆதரவாளர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் ரிசார்ட்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். தனித் தீவு என்பதால் அதற்கு மின்சாரம், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் அதன் சொந்தச் செலவு. கெஸ்ட்ஹவுஸ் பயணி ஊரின் தண்ணீரைக் குடித்து, ஊரின் குப்பைத் தொட்டியில் போடுகிறார். அந்தச் சுமை தீவுக் கவுன்சிலின் தலையில்.

சரி, ரிசார்ட்டில் செலவாகும் டாலர் முழுவதும் நாட்டுக்குள் வருகிறதா? அங்கேதான் சிக்கல். அறைக்கான பணம் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஏஜென்சிக்குக் கட்டப்படுகிறது. உரிமையாளர் வெளிநாட்டவர் என்றால் லாபமும், நிர்வாகம் பன்னாட்டுச் சங்கிலி என்றால் அதன் கட்டணமும், வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளமும் கடல் தாண்டிப் போகின்றன. கோடீஸ்வரர்கள் வந்து குவியும் அதே நாட்டில் வங்கியில் டாலர் கிடைக்காமல், சாதாரண ஆள் கறுப்புச் சந்தையில் உள்ளூர் நாணயமான ரூஃபியாவைக் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்! பொறுத்துப் பார்த்த அரசு 2024 அக்டோபரில் விதி போட்டது: ரிசார்ட்டுகள் ஒரு பயணிக்கு 500 டாலர் என்ற கணக்கில் உள்ளூர் வங்கியில் மாற்ற வேண்டும், சிறிய கெஸ்ட்ஹவுஸ்கள் 25 டாலர். தொழில்காரர்கள் எதிர்க்க, பின்னர் சட்டமாக வந்தபோது வருமானத்தில் 20 சதவீதம் என்ற மாற்று வழியும் சேர்ந்தது. ஒழுகல் எங்கே பெரிது என்று அரசுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

மாஃபுஷிக்குப் போனால் கணக்கு வேறு மாதிரி. ஒரு காலத்தில் சிறைச்சாலைக்காகத்தான் அந்தத் தீவின் பெயர் அடிபடும். இன்று கெஸ்ட்ஹவுஸ்களுக்குப் பெயர் போன ஊர். இங்கே வருபவர் ஒரு நாளில் செலவழிப்பது ரிசார்ட் விருந்தாளியின் செலவில் சின்னப் பங்குதான். ஆனால் அது ஸ்பீட்போட்காரர், டைவிங் கடை, சாப்பாட்டுக் கடை, மணல்திட்டுக்கு அழைத்துப் போகும் பையன் என்று கை மாறிக்கொண்டே போகும். வீட்டை விட்டுப் போகாமல் சம்பாதிக்கலாம் என்பது இன்னும் பெரிய விஷயம். ரிசார்ட் வேலையில் சேவைக் கட்டணப் பங்கோடு கை நிறைய வரும், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் அந்தத் தீவிலேயே தங்க வேண்டும். அதனாலேயே மாலத்தீவுப் பெண்கள் அங்கே மிகக் குறைவு.

கெஸ்ட்ஹவுஸையும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். மாஃபுஷியில் குடும்பம் நடத்தும் நாலு அறை விடுதிகளை ஒட்டி மாடி மேல் மாடியாக ஹோட்டல்கள் எழுந்துவிட்டன. அறையைத் துடைப்பதும் கட்டடம் எழுப்புவதும் பெரும்பாலும் வங்கதேசத் தொழிலாளர்கள். ஊர்த் தீவில் மது கூடாது என்பதால் குடிக்க விரும்புகிறவர்களுக்குக் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்ட கப்பல்கள் இருக்கின்றன. பிகினிக்குத் தனிக் கடற்கரை.

அடி விழும்போதும் இரண்டுக்கும் ஒரே அளவு விழுவதில்லை. 2020-ல் எல்லை மூடப்பட்டு நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஜூலை 15-ல் ரிசார்ட்டுகள் திறந்தன. தனித்தனித் தீவுகள் என்பதால் அது எளிது. கெஸ்ட்ஹவுஸ்கள் அக்டோபர் வரை காத்திருந்தன. கடன் வாங்கி அறை கட்டியவர்களுக்கு அந்த மூன்று மாதம் சின்ன விஷயமில்லை.

இரண்டுமே சறுக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு. மீனையும் தேங்காயையும் விட்டால் பெரும்பாலானவை இறக்குமதிதான். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் போகின்றன, நாமக்கல் முட்டையும் போகிறது. பயணி ஐந்து நட்சத்திரத்தில் ஆம்லெட் கேட்டாலும் கெஸ்ட்ஹவுஸில் கேட்டாலும் அந்த டாலரில் ஒரு துண்டு நம் பக்கம் வந்துவிடும். நமக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கு நஷ்டம்.

தொட்டு என்ற தீவு இதில் கொஞ்சம் விலகி நிற்கிறது. தர்பூசணியும் பப்பாளியும் விளையும் விவசாயத் தீவு அது. கெஸ்ட்ஹவுஸ்களும் நிறைய இருக்கின்றன. விளைச்சல் வெளியே விலை போகிறது, அங்கேயே தங்கும் பயணியின் தட்டுக்கும் போகிறது. என் ஓட்டு இந்த மாதிரி ஊருக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: எத்தனை அறைகள் வரை என்பதைத் தீவுக் கவுன்சில் முன்கூட்டியே முடிவுசெய்து, தோட்ட நிலத்தில் கான்கிரீட் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை வாடகை தர்பூசணியைவிட அதிகம் தரும் என்பதால், அந்த எல்லையைப் பயிர் செய்கிறவரே தாண்ட நினைப்பார்.