யூபிஐயோடு எட்டு வருடம்

2017-இல் சில்லறைக்கு அலைந்த நாட்களில் என் போனில் யூபிஐ ஏறியது. அதற்குப் பிறகு மூன்று போன் மாறிவிட்டேன். இப்போது பர்ஸில் பஸ்ஸுக்கான சில்லறை மட்டும்தான்.

போன் மாற்றும்போதெல்லாம் எரிச்சல் வரும். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஒருமுறை ரீசார்ஜ் முடிந்திருந்தது தெரியாமல் நான்கு தடவை முயன்றேன். பிறகுதான் இதன் அருமை புரிந்தது. உள்ளே வரும் ஓடிபியை யாராவது இனிக்கப் பேசி வாங்கிவிடலாம். இங்கே செய்தி நம் போனிலிருந்து வெளியே போகிறது. 'பின்' என்னும் ரகசிய எண்ணை அடிக்கும் திரையும் எந்தச் செயலியில் போனாலும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் தருவது. செயலிக்கு நம் பின் தெரியாது.

ஆனால் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கதவை நாமே திறந்துவிட்டால்? 2020-இல் பழைய வாஷிங் மெஷினை விற்க விளம்பரம் போட்டோம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவன் அப்பாவிடம் பேசினான். "4,500 ரூபாய் அனுப்பிவிட்டேன் சார், பின் போட்டால் வந்துவிடும்" என்றான். வந்தது பணம் கேட்கும் கோரிக்கை. குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று வேறு எழுதியிருந்தான். அப்பா இரண்டு இலக்கம் அடித்தபோது போனைப் பிடுங்கினேன். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவன் இப்படிப் பணம் கேட்க வழி வைத்ததே தப்பு என்பேன். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. தாமதம்தான், ஆனாலும் சரி.

டீக்கடைக்கு இப்போது யூபிஐ லைட், அதாவது சிறு செலவுக்கென்று செயலியில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைப்பது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000 வரை வைக்கலாம், பின் வேண்டாம். பாஸ்புக்கில் ஐம்பது டீக்கும் ஐம்பது வரி விழாமல், பணம் ஏற்றும்போது ஒரே வரி விழுவது பெரிய நிம்மதி. ஆனால் போனைத் திறக்கத் தெரிந்த எவரும் செலவழிக்கலாம் என்பதால் ஐந்நூறுக்கு மேல் ஏற்றுவதில்லை. போன் மாற்றும் முன் அந்த மீதியைக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போய்க் கடைசி நிமிடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மருந்துக் கடையில் ஒருமுறை பணம் கழிந்தது, சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி கடைக்கான பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய், கேட்காமலே தர வேண்டும். எனக்கு ஒன்பதாம் நாள் வந்தது. அந்த 400 ரூபாய்க்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

அப்பாவின் பென்ஷன் கணக்கை யூபிஐயில் இணைக்கவே இல்லை. தனியாக ஒரு கணக்கு தொடங்கி, மாதம் 5,000 போட்டுவிடுகிறேன். இப்போது அவரே எல்லாருக்கும் எச்சரிக்கை சொல்கிறார். பின்னை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிப் போன் கவருக்குள் செருகியிருந்தார்; போன வாரம்தான் எடுத்துக் கிழித்தேன்.