மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில்: நீராவி இன்ஜினுக்காகவே ஒரு பயணம்

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே தெரியும் காட்டையும் அருவிகளையுமே எழுதுகிறார்கள். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பர்லியாறு வழியாகக் குன்னூர் செல்லும் பேருந்திலும் அந்த மலையை ஓரளவு கண்டுவிடலாம். பேருந்தில் கிடைக்காதது, பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவற்றை மேலே தள்ளிச் செல்லும் நீராவி இன்ஜின் மட்டுமே. என்னைப் பொறுத்தவரை பயணச்சீட்டின் விலை அதற்கே தகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்கு வண்டி புறப்படுகிறது. சற்று முன்னதாகவே சென்று, இருக்கையில் பையை வைத்துவிட்டு, நடைமேடையின் பின்கோடிக்கு நடந்து போய் இன்ஜினைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். தொழிற்சாலை இந்தத் தடத்துக்கென்று கட்டிய 'எக்ஸ்' வகை இது. முதல் தொகுதி 1914-க்கும் 1925-க்கும் இடையிலும், அடுத்தது 1952-லும் வந்தன. 2011 முதல் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே இதே வகையில் எண்ணெயை எரித்து நீராவி எழுப்பும் புதிய இன்ஜின்கள் கட்டப்பட்டன. இத்தகைய ஓர் இயந்திரத்தை நம் பணிமனைத் தொழிலாளர்கள் புதிதாகவே செய்து முடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் இருப்பது தெரியும். கீழே உள்ளது சாதாரண சக்கரங்களைச் சுழற்றுகிறது. மேலே உள்ளது, இன்ஜினின் அடியில் மறைந்திருக்கும் பற்சக்கரங்களுக்கு உரியது. சமவெளியில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்ய, மேலுள்ள தண்டுகள் அசையாமல் இருக்கும். கல்லாறு நிலையம் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம், அதாவது பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம், தொடங்குகிறது. அங்கே, கீழ்ச் சிலிண்டர்களில் ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேற்சிலிண்டர்களுக்குள் புகுந்து பற்சக்கரங்களைத் திருப்புகிறது. 'அப்ட்' முறை எனப்படும் இந்தப் பற்சட்ட அமைப்பில் இரு சட்டங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வருமாறு அவை பதிக்கப்பட்டிருப்பதால், சக்கரத்தின் பிடி எந்த நொடியிலும் விடுபடுவதில்லை.

இந்த மாற்றத்தைப் பெட்டிக்குள் அமர்ந்தபடியே உணரலாம். வண்டியின் வேகம் சட்டென்று தணிகிறது, ஏனெனில் பற்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் அனுமதி; இன்ஜினின் மூச்சொலி கனத்து நெருங்குகிறது; கால்களுக்குக் கீழே பல்லோடு பல் பொருந்தும் அதிர்வு சீராக எழுகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 அடி நகர்ந்தால் ஓரடி உயரம் ஏறுகிறோம். இன்ஜின் பின்னால் இருப்பதால் அதன் ஓட்டுநருக்கு முன்னேயுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியின் முகப்பில் நிற்பவர் காட்டும் கொடியே அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கைபிரேக்கைக் கவனித்துக்கொள்கிறார். வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது இறங்கி, இன்ஜின் அருகே போய் அந்த வெப்பத்தையும் எண்ணெய் மணத்தையும் உணர்ந்து திரும்புங்கள். ஹில்குரோவ் நிலையத்தில் தேநீரும் கிடைக்கும். குரங்குகளிடமிருந்து தின்பண்டங்களைக் காத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வசதியை எதிர்பார்த்து வருவோருக்கு இது உகந்த வண்டியன்று. பெட்டிகள் சிறியவை, முழங்கால்கள் எதிரே இருப்பவரை இடிக்கும், பெரிய பயணப்பைகளை வைக்க இடமில்லை, சுரங்கங்களில் புகை உள்ளே வரும். குன்னூரை அடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இருக்கைகள் குறைவாக இருப்பதால் விடுமுறைக் காலத்தில் முன்பதிவு விரைவில் தீர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவால் வண்டி ரத்தாவதும் வழக்கம்.

பலரும் சீட்டு கிடைக்காதபோது குன்னூர் – உதகைப் பகுதியில் மட்டும் பயணம் செய்துவிட்டு மலை ரயிலைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். வெலிங்டனும் கேத்தியும் லவ்டேலும் இனிய நிலையங்களே. ஆனால் குன்னூருக்கு மேலே பற்சட்டம் கிடையாது. வழக்கமான வண்டிகளை அங்கே இழுப்பது டீசல் இன்ஜின். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் தயங்காமல் கீழ்ப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உதகைவரை சீட்டு எடுத்திருந்தாலும், குன்னூரில் இன்ஜின் மாறும்போது பெட்டியிலேயே அமர்ந்துவிடாதீர்கள். நீராவி இன்ஜின் பெட்டிகளிலிருந்து கழன்று தனியாகப் பின்வாங்கும் அந்தச் சில நிமிடங்களை நடைமேடையில் நின்று பாருங்கள்.