போனைப் பூட்டும் டப்பா: ஆறு வாரம் ஆன பிறகு

பிளாஸ்டிக் டப்பா. மூடியின் நடுவில் திருகுகிற மாதிரி ஒரு பொத்தான். திருகி நேரம் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினால் ஐந்திலிருந்து கீழே எண்ணும். அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்துவிடலாம். மாறாவிட்டால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் வைத்த நேரம் முடியும்வரை கெஞ்சினாலும் திறக்காது. போனை உள்ளே போட்டுவிட்டு நாம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சாமான்.

இதற்குப் போய் ஒரு டப்பாவா என்றுதான் நானும் நினைத்தேன். மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது, என் தொழில், வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள் மதியம் அச்செடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் அடிக்கு வந்ததும் என் கட்டைவிரல் தாளை மேல்நோக்கித் தள்ளியது. ஒருமுறை இல்லை, இரண்டு முறை. எதிரே இருந்த மகள் “அம்மா, அது பேப்பர்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு போனே வைத்திருக்கும் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு 4 மணி 40 நிமிடம், 118 முறை திறந்திருக்கிறேன். யாராவது கேட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஃபேஸ்புக்குக்காக ஆறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பிறகு அதைச் சமூக ஊடகம் முழுவதற்குமாக மாற்றினார்கள். எப்போதும் அதே நினைப்பா, வரவர இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறதா, கவலையை மறக்க அதில் போய் விழுகிறீர்களா, குறைக்கப் பார்த்துத் தோற்றீர்களா, முடியாதபோது தவிக்கிறீர்களா, வேலையோ படிப்போ கெடுகிறதா. ஆறில் நான்குக்கு ‘அடிக்கடி’ என்று பதில் எழுதினேன். தோற்ற கதைதான் பெரிது. சமூக ஊடகச் செயலியை மூன்று முறை அழித்து மூன்று முறை திரும்பப் போட்டவள் நான். போனிலேயே நேர வரம்பு வைத்தும் பார்த்தேன். வரம்பு முடிந்ததும் ‘இன்றைக்கு மட்டும் விடு’ என்று அதுவே ஒரு பொத்தானை நீட்டுகிறது. காவலாளியே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டு அடிமைத்தனத்துக்கு இடம் உண்டு, சமூக ஊடகத்துக்குத் தனியாக இல்லை. எனவே நோய் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த மாதம் இரண்டு மெய்ப்புகள் தாமதமாகப் போயின.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம் வைத்தேன். கை டப்பா பக்கம் போகும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் 14 கோடுகள். வேலை முடிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோடு விழுந்த இடமெல்லாம் சிக்கலான வாக்கியம். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட வேண்டிய இடம். அங்கே திணறிய உடனே கை தப்பித்து ஓடப் பார்த்திருக்கிறது. இத்தனை நாளாக ‘சும்மா ஒரு பார்வை’ என்று நான் நினைத்ததெல்லாம் இதுதான். டப்பா திறக்காமல் கிடந்ததால் வேறு வழியில்லாமல் வாக்கியத்துக்கே திரும்பினேன். மூன்றாவது வாரம் கோடுகள் நாலைந்தாகக் குறைந்தன.

முன்பெல்லாம் இணையத்தில் பக்கம் முடியும். ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் நிற்கும். அந்த இடத்தில் எழுந்து போக ஒரு வாய்ப்பு இருந்தது. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே வரும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். அவர் எடுத்துவிட்ட அந்த நிறுத்தத்தைத்தான் இந்த டப்பா முரட்டுத்தனமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. காலையில் தெளிவாக இருக்கும்போது ஒரே ஒருமுறை முடிவெடுத்தால் போதும். மதியம் சோர்ந்துபோயிருக்கும்போது 118 முறை மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. நான் வாங்கியது கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வகை, அது பெரிய தப்பு. அறிவிப்பு வரும்போதெல்லாம் திரை மினுக்கென்று எரிகிறது. பேய் பிடித்தவள் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பழைய மெய்ப்புத் தாளைச் சுற்றி ஒட்டிவிட்டேன். உள்ளே போன் அதிர்ந்தால் டப்பா மேசையோடு சேர்ந்து உறுமுகிறது, அதனால் அதிர்வை நிறுத்திவிட்டு வையுங்கள். அலாரத்தையும். நான் மறந்துபோய், அலாரம் அலறிக்கொண்டே இருக்க, டப்பாவைத் தலையணைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தேன்.

நேரம் காட்டும் எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. கண்ணாடி போடாமல் திருகியதில் 2 மணி நேரத்துக்குப் பதில் 20 மணி நேரம் பூட்டிவிட்டேன். அவசரத் திறப்பு இந்த வகையில் கிடையாது. அன்று பார்த்து ஓர் இணையதளம் ஓடிபி கேட்டது. ஓடிபி டப்பாவுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது! வாங்குவதானால் அவசரத் திறப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தால் நான் தினமும் அவசரம் என்று திறந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம் போன் டப்பாவில் இருக்க, நான் மடிக்கணினியில் அதே செயலியின் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு டப்பா என்ன செய்யும்? மகளைக் கூப்பிட்டுக் கடவுச்சொல்லை மாற்றி அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். எந்த நேரமும் அழைப்பு வரக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கும், முடியாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது சரிப்படாது. தூக்கமே கெட்டு, போன் இல்லாதபோதும் மனம் இருண்டே கிடக்கிறது என்றால் டப்பா வாங்குவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரக் கணக்கு 1 மணி 50 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை டப்பா போடுவதில்லை, அன்றைக்கு மட்டும் மூன்று மணியைத் தாண்டிவிடுகிறது.

போன வாரம் மகள் தன் போனையும் கொண்டுவந்து நீட்டினாள். பரீட்சை வருகிறதாம். இரண்டையும் வைத்தால் மூடி ஒரு விரல்கடை அளவு மேலே நிற்கிறது, பூட்டு விழமாட்டேன் என்கிறது. பெரிய அளவாகவே வாங்கியிருக்க வேண்டும்.